மூடி ஊற்றிய மஸ்கடைன்: நுவரெலியாவில் ஒரு மேசை, இரண்டு போத்தல்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துணி சுற்றி ஊற்றப்பட்ட முதல் போத்தலில் இருந்தது அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து இனிப்பு வெள்ளை வைன். திராட்சை மஸ்கடைன் இனம், அதில் கார்லோஸ் என்ற வகை. எங்கள் மேசை கடைசியில் எழுதிக் கொடுத்த தாளிலும் 'மஸ்கடைன், அநேகமாகக் கார்லோஸ்' என்றுதான் இருந்தது. கேட்கிறவர்கள் கைதட்டுவார்கள், ஆனால் அந்த இரண்டு சொல்லுக்கும் ஒரே மதிப்பெண் போட எனக்கு மனமில்லை. மஸ்கடைனை நாங்கள் கிளாஸில் இருந்து எடுத்தோம், பெரும்பாலும். கார்லோஸை எடுத்தது படித்த அறிவில் இருந்து. பிளைண்ட் டேஸ்டிங், அதாவது போத்தலைப் பார்க்காமல் சுவைத்தே வைனைக் கண்டுபிடிப்பது, பழகுகிற பலர் இந்த இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குழப்பிக்கொள்வதால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நுவரெலியாவில் ஒரு பழைய பங்களா ஹோட்டலின் பார் என் பொறுப்பில் இருக்கிறது. கூட்டம் குறைந்த வார நாள் பின்னேரங்களில் சாப்பாட்டு அறையின் ஓரத்தில் ஐந்து பேர் உட்காருவோம்: நான், பார்மன் தம்பி, ரெஸ்டோரண்ட் கெப்டன், பேஸ்ட்ரி செய்யும் தங்கச்சி, அப்புறம் டிம்புலப் பக்கமும் ஊவாப் பக்கமும் தேயிலைப் பேக்டரிகளில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர். ஐயா வைன் குடிப்பவர் இல்லை. உறிஞ்சுவார், வாய்க்குள் சுழற்றுவார், துப்பிவிடுவார், வாழ்நாள் முழுக்கத் தேத்தண்ணியை அப்படிச் செய்த ஆள். ஊற்றுவது எங்கள் கணக்காளர் அக்கா. போத்தலின் கழுத்து வரை துணி, மூடி என்ன மாதிரி என்றுகூடத் தெரியாதபடி சமையலறையில் திறந்துவிட்டுத்தான் கொண்டுவருவார். ஆளுக்கொரு தாள், யாரும் பேசக்கூடாது, எழுதி முடித்த பிறகுதான் வாய் திறக்கலாம்.

தாள் என்பது உலகம் முழுக்கப் பழக்கத்தில் உள்ள அதே முறைதான்: பார், முகர், சுவை, முடிவு சொல். வைன் பரிமாறும் நிபுணர்களுக்கான மாஸ்டர் சொமலியே தேர்வில் ஆறு வைன்களுக்கு 25 நிமிடம் தருவார்கள், திராட்சை, நாடு, வயது எல்லாம் வாயால் சொல்ல வேண்டும். அந்தத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் மனதில் வைத்திருக்கும் பட்டியலில் ஷார்டனே, ரீஸ்லிங், ஷிராஸ், பினோ நுவார் என்று எல்லாமே வினிஃபெரா, அதாவது ஐரோப்பியத் திராட்சை இனம். முறை நல்ல முறை, குறை சொல்லவில்லை. ஆனால் பட்டியலுக்கு வெளியே இருந்து ஒருவன் வந்து கதவைத் தட்டினால் இந்த முறை அவனைப் பட்டியலில் உள்ள யாரோ ஒருவன் என்றே அடையாளம் காட்டும். அன்றைக்கு முதல் சுற்றில் அதுதான் நடந்தது.

நிறம் இளம் பொன், விளிம்பில் லேசாகச் செம்பு. தெளிவுதான், ஆனால் கடைசியாக ஊற்றிய கிளாஸில் மட்டும் கொஞ்சம் கலங்கல் (இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்). எங்கள் அறை 16, 17 பாகைதான் இருக்கும், ஐஸ் வாளி வைக்கவில்லை. நல்ல வேளை, இனிப்பு வெள்ளை வைனை நன்றாகக் குளிர வைத்திருந்தால் அதன் வாசனையில் பாதி மூக்கில் ஏறியிருக்காது.

வாசனை கிளாஸை எடுக்கும் முன்பே மேசைக்கு வந்துவிட்டது. பழுத்துக் கனிந்த கொய்யா. சூட்டில் வதங்கிய ஸ்ட்ரோபெரி, ஜாம் கிண்டும்போது வருகிற அந்தக் கட்டம். பன்னீர். இவற்றுக்குப் பின்னால் பிடிபடாத ஒன்று, ஒருமுறை பாச்சை உருண்டை மாதிரி, இன்னொருமுறை நனைந்த கம்பளி மாதிரி, கிளாஸைச் சுழற்றினால் மறைந்து, வைத்துவிட்டால் திரும்பி வந்தது. வாயில் நல்ல இனிப்பு, புளிப்பு நடுத்தரம், அற்ககோல் அதிகமில்லை, 11 வீதத்துக்குப் பக்கம் என்று எழுதினேன். விழுங்கிய பிறகு தடித்த தோலைக் கடித்தது போலொரு துவர்ப்பும் கசப்பும் நாக்கின் பின்புறத்தில் தங்கியது. ஒரு வெள்ளை வைனுக்கு இது கொஞ்சம் கூடுதல்.

தாள்களைப் புரட்டினோம். பார்மன் தம்பி மொஸ்கட்டோ என்று எழுதியிருந்தான். கெப்டன் கெவுர்ஸ்ட்ராமினர். இரண்டும் வாசனைக்குப் பேர் போன வினிஃபெரா வைன்கள். பேஸ்ட்ரி தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு எல்லோரும் சிரித்தார்கள்.

"இது திராட்சையே இல்ல அண்ணா. கொய்யாவும் ஸ்ட்ரோபெரியும் போட்டு ஊற வச்சது."

சிரித்தாலும் அந்தத் தாளில் மட்டும்தான் ஓர் உண்மை வெளிப்படையாக இருந்தது: நமக்குத் தெரிந்த எந்தத் திராட்சையும் இப்படி மணப்பதில்லை. என் தாளில் இரண்டு வழி போட்டிருந்தேன். வினிஃபெராவாக இருந்தால் கெட்டுப்போன ரீஸ்லிங், இல்லாவிட்டால் அமெரிக்க இனம் ஏதாவது. டீமேக்கர் ஐயாவின் தாள் காலி.

"பக்கத்துல வச்சுப் பாக்க ஒண்ணும் இல்லாம எப்படித் தம்பி சொல்றது?"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தேயிலை சுவைக்கிற அறையில் ஒற்றைக் கோப்பை என்று ஒன்று கிடையாது. நூறு மில்லிலீட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம், இது சர்வதேசத் தரம். கோப்பைகள் நீள வரிசையில் நிற்கும், சுவைப்பவர் நடந்துகொண்டே ஒவ்வொன்றாக உறிஞ்சுவார். ஒவ்வொரு கோப்பைக்கும் அதன் இடது பக்கத்துக் கோப்பைதான் அளவுகோல். ஐயா சொல்வது, நினைவில் இருக்கிற சுவையோடு ஒப்பிட்டால் நினைவு நமக்குச் சாதகமாகப் பொய் சொல்லும், வரிசையில் இருப்பதோடு ஒப்பிட்டால் சொல்லாது என்பது. வைன்காரர்கள் இதற்கு நேர் எதிர், எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டு ஒரு கிளாஸைத் தனியாக விசாரிப்பதைத்தான் திறமை என்கிறார்கள். பட்டியலில் உள்ள திராட்சைக்கு அது போதும். அன்றைக்கு ஐயாவின் வழிதான் சரிப்பட்டது.

ஆகவே வரிசை போட்டோம். பாரில் இருந்து ஒரு மொஸ்கட்டோ, விருந்தினர் மேசையில் மிஞ்சியிருந்த ஒரு ரீஸ்லிங். கெவுர்ஸ்ட்ராமினர் இருப்பில் இல்லை, அதற்குப் பதில் டின்னில் அடைத்த லிச்சிப் பழத்தின் சாறு. சமையலறையில் இருந்து பன்னீர், நம்மூர் ஸ்ட்ரோபெரி கொஞ்சம் நசுக்கி, அப்புறம் தங்கச்சியின் யோசனையில் திராட்சை வாசனை போட்ட ஜெலி பக்கற் ஒன்று, தூளை வெந்நீரில் கரைத்து. ஜெலி எதற்கு என்று கெப்டன் முகத்தைச் சுளித்தார். உண்மையில் மேசையில் இருந்ததிலேயே அதிகம் உதவியது அதுதான்.

முதலில் மொஸ்கட்டோ. மஸ்கட் குடும்பத்துத் திராட்சைகளின் வாசனைக்கு அடிப்படை லினலூல் முதலான டெர்பீன்கள் என்ற வாசனைப் பொருட்கள், பூவும் ஆரஞ்சுத் தோலும் கலந்த மாதிரி மேலே மிதக்கும். கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சை சாப்பிட்டவர்களுக்கு இது தெரியும், அது மஸ்கட் ஹாம்பர்க் வகை. இரண்டு கிளாஸையும் மாற்றி மாற்றி முகர்ந்தபோது தம்பிக்கே புரிந்துவிட்டது. மொஸ்கட்டோவில் பன்னீர் இருக்கிறது, கூடவே ஆரஞ்சுப் பூவும் இருக்கிறது. நம் கிளாஸில் பன்னீர் இருக்கிறது, ஆரஞ்சுப் பூ துளியும் இல்லை. பன்னீர் மணத்துக்குக் காரணமான பீனைல் எத்தனோல் என்ற பொருள் எந்த வைனிலும் கொஞ்சம் இருக்கும், ஈஸ்ட்டே உண்டாக்கும். அதனால் ரோஜா மணத்தை மட்டும் வைத்து மஸ்கட் என்பது, தாடியை வைத்து ஆளைப் பிடிப்பது. கெவுர்ஸ்ட்ராமினரும் இதே காரணத்தால் விழுந்தது. அதன் ரோஜா வேறு மூலக்கூறில் இருந்து வருவது, ரோஸ் ஒக்சைட், அது லிச்சியிலும் உண்டு. லிச்சிச் சாற்றையும் கிளாஸையும் பக்கத்தில் வைத்தால் இரண்டுக்கும் ஒட்டே இல்லை.

கெட்டுப்போன ரீஸ்லிங் என்ற வழிதான் எளிதில் விழ மறுத்தது. அந்தப் பாச்சை உருண்டை, நனைந்த கம்பளி வாசனைக்கு ஓ-அமினோஅசிட்டோஃபீனோன் என்று பெயர். ஐரோப்பிய வெள்ளை வைன்களில், முக்கியமாக ஜெர்மனிப் பக்கத்து வைன்களில், இது தலைகாட்டினால் வைன் அகாலத்தில் மூப்படைந்துவிட்டது, குறை என்று ஒதுக்குவார்கள். திராட்சைக் கொடி தண்ணீரும் நைதரசனும் இல்லாமல் தவித்த வருடங்களில் கூடுதலாக வரும். இதே மூலக்கூறு மஸ்கடைன் திராட்சையில் இயல்பாகவே இருக்கிறது. ஸ்ட்ரோபெரிக்கும் அன்னாசிக்கும் அந்த ஜாம் வாசனையைத் தருகிற ஃபியூரனியாலும் கூட இருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் மஸ்கடைனின் மிட்டாய் வாசனையும் மிருக வாசனையும். ஆக ஒரே வாசனை, ஒரு பக்கம் நோய், மறு பக்கம் பிறவிக் குணம். எப்படிப் பிரிப்பது?

நாங்கள் பிரித்தது நசுக்கிய ஸ்ட்ரோபெரியை வைத்து. மூப்புக் குறை உள்ள வெள்ளை வைனில் பழ வாசனை செத்துப்போயிருக்கும், மெலிந்து, கசந்து, வெறுமையாக இருக்கும். இங்கே பழம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டுகிறது. குறை வந்த வைன் பழத்தை இழக்கும், புதிதாக ஸ்ட்ரோபெரி ஜாமைச் சம்பாதிக்காது. ஐயா இதைக் கேட்டுவிட்டு, ஊவாவில் ஜூலையில் இருந்து செப்டெம்பர் வரை காற்று வறண்டு அடிக்கும்போது தேயிலையில் ஏறுகிற வாசத்தைச் சொன்னார். அதுவும் ஒரு தனி மூலக்கூறின் வேலை, மெதில் சாலிசிலேட், தலைவலிக்குத் தடவுகிற பாம் வாசனை. பழக்கமில்லாதவன் மருந்து கலந்துவிட்டது என்பான், ஏலத்தில் அதற்குத்தான் விலை. எந்த வாசனையைக் குறை என்பது, எதைக் குணம் என்பது, அதைச் சுற்றி வேறு என்ன நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

சரி, வினிஃபெரா இல்லை. ஆனால் அமெரிக்க இனம் என்றவுடனே மஸ்கடைன் என்று தாவிவிட முடியாது, நடுவில் லப்ருஸ்கா என்ற இன்னொரு அமெரிக்க இனம் நிற்கிறது. எபிரகிம் புல் என்பவர் 1849இல் மாசசூசெட்ஸில் உருவாக்கிய கொன்கோர்ட், அதன் பிள்ளையான வெள்ளை நயாகரா, இந்தியாவில் பெங்களூர் புளூ என்ற பெயரில் விளைகிற இசபெல்லா எல்லாம் அந்த இனத்தின் இரத்தம். திராட்சை மிட்டாய், திராட்சைச் சோடா, திராட்சை ஜெலி எல்லாவற்றிலும் வருகிற செயற்கை வாசனை லப்ருஸ்காவைப் பார்த்துச் செய்ததுதான், அதன் மையம் மெதில் அந்த்ரனிலேட். இப்போது ஜெலி பக்கற் ஏன் மேசைக்கு வந்தது என்று தெரிந்திருக்கும். நயாகரா வைன் நுவரெலியாவில் எங்கே தேடுவது? அதன் முக்கிய மூலக்கூறு சாமான் அலமாரியில் கிடக்கிறது.

கரைத்த ஜெலியை முகர்ந்துவிட்டுக் கிளாஸை முகர்ந்தால் வித்தியாசம் பட்டென்று தெரிந்தது. ஜெலி கூர்மையாக, ஊதா நிறத்தில், மூக்கின் மேல் பக்கத்தைக் குத்துகிறது. நம் கிளாஸ் தாழ்ந்து, உருண்டு, கொய்யாவும் ஜாமுமாகப் பரவுகிறது. மஸ்கடைனில் மெதில் அந்த்ரனிலேட் முன்னுக்கு நிற்பதில்லை, அதுதான் காரணம். ஐவரில் நால்வர் 'இது அது இல்லை' என்றோம். கெப்டன் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், அவருக்கு இரண்டிலும் ஏதோ பொதுவாகத் தெரிந்தது. அதையும் தள்ளிவிட முடியாது, ஓ-அமினோஅசிட்டோஃபீனோன் லப்ருஸ்காவிலும் உண்டு.

இந்த இடத்தில் கெப்டன் இன்னொரு கேள்வி போட்டார், அது வாசனையைப் பற்றியதே இல்லை. கணக்காளர் அக்காவின் தங்கை அமெரிக்காவில் இருக்கிறார், விடுமுறைக்கு வந்திருக்கிறார் என்பது ஹோட்டல் முழுக்கத் தெரிந்த விஷயம். அப்படியென்றால் 'அமெரிக்க இனம்' என்று நான் எழுதியது மூக்கு சொன்னதா, காது சொன்னதா? அக்கா சிரித்துக்கொண்டே எதுவும் பேசாமல் இருந்தார். என் பதில்: இரண்டும்தான். கண்ணை மட்டும் கட்டிவிட்டு மேசையைப் பற்றித் தெரிந்த எதையும் கட்டாத பிளைண்ட் டேஸ்டிங் அரைகுறைதான். ஆகவே 'அமெரிக்கா' என்ற முடிவுக்கு நான் பாதி மதிப்பெண்ணுக்கு மேல் போட மாட்டேன். ஆனால் லப்ருஸ்காவா மஸ்கடைனா என்பதில் தங்கை எங்கே இருக்கிறார் என்ற செய்தி உதவவில்லை, எந்த மாநிலம் என்று எங்கள் ஐவருக்கும் தெரியாது. அங்கே பேசியது கிளாஸ்தான்.

அப்புறம் அந்தக் கலங்கல். போத்தலை நிமிர்த்தி வைத்துக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, மிச்சத்தை மெதுவாக வேறு பாத்திரத்தில் வடித்து, அடியில் தங்கியதை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றச் சொன்னேன். வைனில் அடி மண்டினால் வழக்கமாக அது தார்த்தாரிக் அமிலத்தின் உப்பு, சீனி மணி போல மின்னும், விரல் நடுவில் வைத்தால் நறநறக்கும். இது அப்படி இல்லை. சாம்பலும் பழுப்பும் கலந்த மாவு, தேய்த்தால் கரகரப்பில்லாமல் வழவழவென்று பரவியது, தட்டில் ஓட விட்டால் மெல்லிய படலமாகப் படிந்தது. ஐயா தட்டை ஜன்னல் பக்கம் எடுத்துப் போய் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார், பேக்டரியில் தூளின் நிறத்தைப் பார்க்கிற அதே கை.

மஸ்கடைனில் எலாஜிக் அமிலம் நிறைய. வினிஃபெரா பழத்தில் அது கிடையாது என்றே சொல்லலாம், ஐரோப்பிய வைனில் அது இருந்தால் ஓக் பீப்பாயில் இருந்து இறங்கியதாக இருக்கும். மஸ்கடைன் ஜூஸையும் வைனையும் வைத்திருந்தால் இந்த அமிலம் மெல்ல மெல்லப் பிரிந்து மாவாக அடியில் இறங்கும், செய்கிறவர்களுக்கு இது ஒரு நிரந்தரத் தலைவலி. நம் கிளாஸில் ஓக்கின் அடையாளம், வெனிலா, தேங்காய், புகை, எதுவும் இல்லை. ஓக் இல்லாமல் இப்படி ஒரு மாவு என்றால் அது மஸ்கடைன் பக்கம் பலமாகச் சாய்கிறது. நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். புரதமும் ஈஸ்ட்டும்கூட மாவாகப் படியும், ஆய்வுகூடம் இல்லாமல் பிரிக்க முடியாது. ஆனால் வாசனை, தோல் கசப்பு, மாவு மூன்றும் ஒரே திசையைக் காட்டியபோது நால்வர் மஸ்கடைன் என்று கையெழுத்துப் போட்டோம், கெப்டன் கடைசியாகச் சேர்ந்தார்.

மஸ்கடைன் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இது ஐரோப்பியத் திராட்சையின் தம்பி என்பதைவிடத் தூரத்து உறவு. வினிஃபெராவுக்கு 38 குரோமோசோம், மஸ்கடைனுக்கு 40, அதனால் இரண்டையும் கலப்பது பெரும்பாடு. அமெரிக்காவின் தென்கிழக்கில், டெலவெயரில் இருந்து புளோரிடா வரையும் மேற்கே டெக்சாஸ் வரையும் காட்டிலேயே படரும். பெரிய குலையாகத் தொங்காது, சிறு சிறு கொத்து, பழம் ஒவ்வொன்றாகப் பழுத்து ஒவ்வொன்றாக உதிரும். தோல் தடிப்பு. அந்தப் பக்கத்துச் சூட்டிலும் ஈரத்திலும் ஐரோப்பியக் கொடிகளைக் கொல்கிற பியர்ஸ் நோய், சைலெல்லா என்ற பக்டீரியா கொண்டுவருவது, இதை அசைப்பதில்லை. பழத்தில் சீனி குறைவாகவே ஏறும், ஆகவே பெரும்பாலும் சீனி சேர்த்துத்தான் நொதிக்க விடுவார்கள், முடிவில் இனிப்பாகவே போத்தலில் அடைப்பார்கள். மதுவிலக்குக்கு முன்னால் அமெரிக்காவில் அதிகம் விற்ற வைன்களில் ஒன்றான வெர்ஜினியா டேர் இந்தத் திராட்சையில் எழும்பியதுதான்.

இனி வகை. இங்கேதான் நான் முதலில் சொன்ன சங்கடம் வருகிறது.

மஸ்கடைன் பழம் நிறத்தில் இரண்டு கட்சி: வெண்கல நிறம், கறுப்பு நிறம். வெள்ளை வைன் என்பதால் வெண்கலக் கட்சி என்று வைத்துக்கொள்வோம். அதில் மிகப் பழையது ஸ்கப்பர்னாங், வட கரோலினாவில் அந்தப் பெயருள்ள ஆற்றங்கரையில் பேர் எடுத்தது, ரோவனோக் தீவில் 400 வயது என்று சொல்லப்படும் தாய்க்கொடி ஒன்றையே இன்னும் காட்டுகிறார்கள். 2001இல் அது மாநிலப் பழமாக ஆனது. ஆனால் ஸ்கப்பர்னாங் கொடியில் பெண் பூ மட்டும், பக்கத்தில் மகரந்தம் தர வேறு வகை நட வேண்டும். வட கரோலினாவில் 1962இல் மக்னோலியாவும் 1970இல் கார்லோஸும் வெளியிடப்பட்டன, இரண்டுக்கும் தன் மகரந்தமே போதும். கார்லோஸ் பழம் காம்பில் இருந்து பிரியும்போது தோல் கிழியாமல் காயம் உலர்ந்து நிற்கும், இயந்திரம் வைத்து உதிர்க்கலாம், சாறு ஒழுகாது. வைன் தோட்டத்துக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? வெள்ளை மஸ்கடைன் வைன் என்றால் அங்கே கார்லோஸ்தான் முதல் ஆள். ஃப்ரை மாதிரி பெரிய பழ வகைகள் கையில் எடுத்துச் சாப்பிடுவதற்கு.

இவ்வளவையும் மேசையில் சொன்னதும் தம்பி "அப்ப கார்லோஸ்னு எழுதிடுங்க அண்ணே" என்றான். எழுதினோம். அக்கா துணியை அவிழ்த்தார், லேபிளில் கார்லோஸ். அமெரிக்கச் சட்டப்படி ஒரு திராட்சையின் பெயரை லேபிளில் போடப் பொதுவாக 75 வீதமாவது அந்தத் திராட்சை இருக்க வேண்டும், ஆகவே உள்ளே இருந்ததில் பெரும்பகுதி அதுதான். வருடம் எதுவும் போடவில்லை.

தம்பி துள்ளினான். ஐயா மட்டும் கேட்டார், கிளாஸில் எந்த வாசம் மக்னோலியா இல்லை என்று சொன்னது? எதுவும் சொல்லவில்லை. எங்களில் ஒருவர்கூட மக்னோலியா வைனை வாயில் வைத்ததில்லை, கார்லோஸையும் அன்றைக்குத்தான் முதல் தடவையாக. எது அதிகம் பயிராகிறது என்ற கணக்கில் எழுதியதுதான் அந்தப் பெயர். வட கரோலினாவில் செய்த எந்த வெண்கல மஸ்கடைன் வைனை மூடி ஊற்றியிருந்தாலும் நாங்கள் கார்லோஸ் என்றே எழுதியிருப்போம், பெரும்பாலும் சரியாகவும் இருந்திருக்கும். தேர்வில் இது நல்ல தந்திரம், கெப்டன் சொல்வது போல மதிப்பெண் மதிப்பெண்தான். ஆனால் இதை 'சுவைத்துக் கண்டுபிடித்தேன்' என்று யாராவது சொன்னால், பக்கத்தில் என்ன வைத்து ஒப்பிட்டீர்கள் என்று கேளுங்கள்.

இரண்டாவது போத்தல் சிவப்பு. இதற்குள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டதால் மூடி ஊற்றியது சடங்குக்குத்தான், ஆகவே இதை விரைவாக முடிக்கிறேன், ஒன்றைத் தவிர. நிறம். கிளாஸின் நடுவில் கறுப்பும் ஊதாவும், விளிம்பிலோ செங்கல் பழுப்பு. பழகிய கண் இப்படி ஒரு விளிம்பைக் கண்டால் வயதான வைன் என்று படிக்கும், தம்பி பத்து வருடம் என்றான். மூக்கில் வைத்தால் இளம் வைன், நேற்றுப் பறித்த பழம். கண்ணும் மூக்கும் சண்டை போடுகிற இந்த இடம்தான் துப்பு. வினிஃபெராவின் சிவப்பு நிறமிகளில் ஒரு சீனி மூலக்கூறு ஒட்டியிருக்கும், அவை துவர்ப்புப் பொருட்களோடு பிணைந்து வருடக்கணக்கில் நிலைக்கும். மஸ்கடைனின் இதே நிறமிகளில் (பெயர் அந்தோசயனின்) இரண்டு சீனி, அவை அப்படிப் பிணைவது கடினம், ஆகவே நிறம் நிலையில்லாமல் சீக்கிரம் பழுப்பேறும். பாரில் இருந்து ஒரு அவுஸ்திரேலிய ஷிராஸைப் பக்கத்தில் வைத்ததும் தம்பி பத்து வருடத்தை அடித்துவிட்டான்.

பேஸ்ட்ரி தங்கச்சி அப்பச்சோடா போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். போட்டோம், நீலமாக மாறியது, ஷிராஸும் மாறியது. காரம் பட்டால் எந்த அந்தோசயனினும் நிறம் மாறும், இனம் பிரிக்க அது உதவாது. ஐரோப்பாவில் அமெரிக்க இனக் கலப்புத் திராட்சை சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க இந்த இரட்டைச் சீனி நிறமியைத்தான் தேடுவார்கள், லீட்டருக்கு 15 மில்லிகிராம் என்பது எல்லை. அதற்கு ஆய்வுகூடம் வேண்டும். சிவப்பு லேபிளில் இருந்த பெயர் நோபிள், 1971இல் வெளியிடப்பட்டது, கறுப்புக் கட்சியில் வைனுக்கு முதல் ஆள். அதையும் எழுதியிருந்தோம், அதே கணக்கில்தான்.

அக்காவின் தங்கை அடுத்த முறை வரும்போது மக்னோலியா வைன் ஒன்று கிடைத்தால் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். அப்போது செய்யப்போவது மூன்று கிளாஸ் சோதனை: இரண்டில் ஒரே வைன், ஒன்றில் மற்றது, வேறாக இருப்பது எது என்று மட்டும் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டினாலும் மூன்றில் ஒரு தடவை சரியாகும் என்பதால், ஐந்து பேரில் மூன்று பேர் சரி என்பது ஒன்றும் இல்லை. நான்கு பேராவது சரியாகச் சொல்ல வேண்டும், குருட்டு அதிர்ஷ்டத்தில் அது நடக்கிற வாய்ப்பு 243இல் 11, அதாவது 5 வீதத்துக்கும் கீழே. அந்த நான்கு வராவிட்டால் தாளில் 'வெண்கல மஸ்கடைன்' என்பதோடு நிறுத்திக்கொள்வது என்று பேசி வைத்திருக்கிறோம். கெப்டன் இதற்கு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.